ஊதுகிறவர் வந்தால்தான் வேலை முடியும்

ஆடியில் கல்யாண மேளம் கிடையாது. நாகஸ்வரக்காரர்களுக்குக் கை ஓய்ந்திருக்கும் மாதம் அது. நாகஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டைப் பட்டறைகளிலோ கை ஓயாது. கீறல் விட்டது, சுருதி விலகியது, மாற்றிவிட வேண்டியது என்று எல்லாக் குழலும் அப்போதுதான் வந்து சேரும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் ஆடுதுறையைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். பட்டறையைத் தேட வேண்டியதில்லை. கடைசல் ஓடும் சத்தமும், நடுநடுவே பாதியில் நிற்கிற ஒரு சுரமும் வழி சொல்லிவிடும்.

நான் போனபோது மூத்த ஆசாரி ஒரு மரத்துண்டைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சா மரம். புதிதாக வெட்டியது உதவாது, ஈரம் வற்றும்போது கோணும், பிளக்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது இறக்குகிற தூணும் உத்தரமும்தான் இவர்களுக்கு வேண்டும். 75, 100 வருஷம் கூரையைத் தாங்கிய மரம் கடைசலில் ஏறி உருண்டையாகிறது. பிறகு துளை. மேலே குறுகலாகத் தொடங்கி, கீழே போகப் போக விரிய வேண்டிய துளை அது. மெல்லிய தமரூசியில் ஆரம்பித்துத் தடித்ததற்குப் போகிறார்கள். நடுவிலிருந்து இம்மி விலகினாலும் மரம் வீண். விலகியதா என்பதை ஊசி பிடித்திருக்கும் கைதான் முதலில் சொல்லும் என்றார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசுவதில்லை. நானும் பேசவில்லை.

மரவேலையைப் பார்த்து நான் வாய் பிளந்ததில் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. "இது வெறும் கட்டை தம்பி. பத்து மணிக்கு அண்ணன் வருவாரு. அப்பறந்தான் நாயனம்" என்றார்.

அண்ணன் என்பது பக்கத்துத் தாலுகாக் கோயில் ஒன்றில் வாசிக்கிற வித்வான். பத்துக்குச் சற்று முன்பே சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தோளில் பை, அதில் குழலில் செருகி ஊதும் அவருடைய சொந்தச் சீவாளிகள், வெற்றிலைப் பெட்டி. "வாங்கண்ணே" என்பதோடு உபசாரம் முடிந்தது. உட்கார்ந்தார், சீவாளியை எச்சிலில் நனைத்துச் செருகினார், ஊதினார்.

ஏழு விரல் துளைகளையும் ஆசாரி முதலில் அளவுக்குக் கொஞ்சம் சிறிதாகவே போட்டு வைத்திருந்தார். துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அளவுக்குச்சி இடத்தைக் காட்டும்; அந்தத் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை வாசிக்கப் போகிறவரின் மூச்சுதான் தீர்மானிக்கும். ஒரே குழலை இரண்டு பேர் ஊதினால் காந்தாரம் இரண்டு இடத்தில் நிற்கும். அதனால் அண்ணன் ஊதுவார், புருவத்தைச் சுருக்குவார், குழலை நீட்டுவார். ஆசாரி அரத்தை உள்ளே விட்டு இரண்டே இழுப்பு இழுத்துத் திருப்பிக் கொடுப்பார். மறுபடி ஊதல். "கொஞ்சம் ஒட்டுது." மறுபடி அரம். விரல் வைக்காத கீழ்த் துளைகளில் ஒன்றை மெழுகு வைத்து அடைத்தார்; திறந்தார்; பாதி அடைத்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் இது நடந்தது. இருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

வராதவர்களைப் பற்றி ஆசாரி கோபமில்லாமல் பேசினார். முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்பார்கள். வெள்ளிக்கிழமைக்காக இவர் வேறு மரத்தில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார். போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள். பிறகு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஆளை அனுப்பி, "இருக்கிறபடியே கொடுங்க" என்பார்கள். அப்படிப் போன குழலின் அரைகுறைச் சுருதிக்கும் பெயர் நரசிங்கம்பேட்டைதான்.

இந்தக் காலத்தில் கைவினைஞரைப் பாராட்டுவது சுலபமாகிவிட்டது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல காரியம். அதன்பின் கேமராக்களும் வந்தன. ஓடுகிற கடைசலை நிறுத்தி, ஆசாரியைச் சிரிக்கச் சொல்லி, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துப் போகிறார்கள். பொன்னாடையை அவர் குறை சொல்லவில்லை, முடிந்த குழல்களைச் சுற்றி வைக்க உதவுகிறதாம். எனக்கு என்னவோ, பேசிய தொகையில் மிச்சத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிட்டு, ஆசாரியின் பேரனிடம் "படிப்பு எப்படி?" என்று கேட்டுப்போன அந்த சைக்கிள்காரர் செய்ததுதான் மரியாதையாகப் பட்டது.

இந்த ஊரின் பெரிய கதையிலும் ஓர் ஊதுகிறவர் இருக்கிறார். உயர்ந்த சுருதியில் ஒலித்த பழைய திமிரி நாகஸ்வரத்தில் சுத்த மத்திமம் நேராக விழாது; மூச்சாலும் விரலாலும் சமாளிக்க வேண்டும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளைக்காக, நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாகஸ்வரத்தில் அந்தச் சுரத்தைச் சரியாக நிறுத்திக் கொடுத்தவர் இவ்வூர் என்.ஜி.என். ரங்கநாதன் ஆசாரி. ஆண்டு 1955. அடுத்த வருஷ டிசம்பரில் பிள்ளை மறைந்துவிட்டார். கச்சேரிக்கு வருவாரா, மாட்டாரா என்று ஏற்பாட்டாளர்களைத் தவிக்கவிட்டவர் என்று அவரைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. ஆனால் அந்தக் குழல் விஷயத்தில் அப்படி இருந்திருக்க முடியாது. அன்று பட்டறையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ஊதிப் பார்த்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி ஊதிப் பார்க்காமல் ஒரு மத்திமம் இடத்தில் வந்து உட்காராது. தோடி ராகம் என்றால் பிள்ளையைச் சொல்கிற ரசிகர்களில் எத்தனை பேருக்கு ரங்கநாதன் ஆசாரியின் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.

சீவாளி கட்டுவதையும் பார்க்க வேண்டும் என்றேன். அது திருவாவடுதுறை வேலை. நாணல் தட்டையைப் பதப்படுத்தி, நறுக்கி, நூல் சுற்றிக் கட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆசாரி போனை எடுத்தார்.

"மாப்ளே, ஒரு தம்பி வர்றாரு. அஞ்சு மணிக்கு." வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அஞ்சுன்னு சொல்லியிருக்கேன். இடையில டீக்கடையில உட்கார்ந்துறாதீங்க. அவரு தட்டையை நனைச்சு வச்சுக்கிட்டுக் காத்திருப்பாரு."