எண்ணூர்க் கழிமுகத்திலே ஒரு காலை

சென்னை கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியேறி, 1856-ல் திறக்கப்பட்ட இராயபுரம் ஸ்டேஷனையும், திருவொற்றியூரையும் கடந்து, எண்ணூரில் இறங்கினோம். பட்டணத்தின் ஓரத்திலேயே இப்படியொரு கிராம வாழ்க்கை நடந்து வருகிறதென்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் அக்கழிமுகத்தின் கரையில் இருப்பதுதான் காட்டுக்குப்பம்.

நாம் போன சமயம் பொழுது நன்றாகப் புலரவில்லை. படகுகள் அதற்குள்ளாகவே நீரில் இருந்தன. இறாலும் நண்டும் மடவையுமே இவ்வூராரின் செல்வம். இங்கே ஒரு வழக்கம் நம் மனத்தைக் கவர்ந்தது. ஆற்றில் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; அதற்குப் 'பாடு' என்று பெயர். இன்று ஒரு சாரார், நாளை மற்றொரு சாரார். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. பழவேற்காட்டு ஏரியிலும் இம்முறை உண்டு. கச்சேரியும் வக்கீலும் இன்றி நடக்கும் இதைவிடச் சிறந்த சுயராஜ்யம் எது?

ஆனால் அக்கரையை நோக்கினால் மனம் சோர்கிறது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கின்றன. சாம்பல் குழம்பைக் கொண்டு செல்லும் குழாய்களிலிருந்து பல வருஷங்களாகக் கசிந்தது ஆற்றின் அடியில் படிந்துவிட்டது.

"முன்னெல்லாம் கழுத்தளவு தண்ணி நின்ன இடம், சார். இப்போ முட்டியளவுதான். காலை வச்சா சாம்பல்ல புதையுது" என்றார் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இக்கழிமுகத்துக்குள்ளேயே புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகளும் கறுத்தன. எண்ணெயை அள்ள இறங்கியவர்களில் இந்த மீனவர்களும் இருந்தார்கள்.

நம் வீடுகளில் விளக்கு எரிய வேண்டியதுதான். தேசத்துக்குத் துறைமுகமும் தொழிற்சாலையும் அவசியந்தான். அதை மறுப்பவர் யார்? எனினும், அவர்கள் முறைவைத்து உண்ணும் ஆற்றில் நாம் முறையின்றிக் கைவைத்துவிட்டோம். சாம்பலை அகற்றி ஆற்றுக்கு அதன் ஆழத்தைத் திருப்பித் தருவது தருமமன்று, கடன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வாருங்கள். நம் வீட்டு விளக்கின் ஒளிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அவர்களும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.