தலைவர் பெயர் கீழே போகட்டும்

சென்னைப் புறநகரில் முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கத்துக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குப் பத்திரிகைச் செய்தி எழுதிக் கொடுக்கிறேன். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பேப்பர்ல வந்தாப் போதாது சார், டிவிக்காரங்க நேர்ல வரணும்." இரண்டையும் ஒரே குறிப்பால் சாதிக்க முடியாது. நாளிதழுக்குப் போகும் குறிப்பில் விஷயம் முழுமையாக இருக்க வேண்டும். வெட்டி ஒரு பத்தியாகப் போட்டுவிடுவார்கள். தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் போவதில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். படித்தவர், "இந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுடலாமே" என்று போனை எடுக்க வேண்டும்.

சங்கத்தின் வழக்கமான குறிப்பு எப்படி இருக்கும்? லெட்டர்பேடில் பதிவு எண், நிர்வாகிகள் பட்டியல். "சிறப்புப் பொதுக்குழுக் கூட்டம் தலைவர் அவர்கள் தலைமையில் இனிதே நடைபெற்றது" என்று தொடங்கி வெள்ளம், தெருவிளக்கு, நாய்த் தொல்லை, டாஸ்மாக் என ஒரு டஜன் தீர்மானங்கள். கீழே ரப்பர் ஸ்டாம்ப். அதை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். டெஸ்க்கில் இருப்பவர் அதைப் பெரிதாக்கிப் படிக்க மாட்டார். யூனிகோடில் எழுத்தாக வந்தால் அப்படியே காப்பி செய்து செய்தியாளருக்கு அனுப்பிவிடலாம். படத்தை யார் திரும்ப டைப் அடிப்பது? பல குறிப்புகளின் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நான் ஒரே பிரச்சினையைத்தான் எடுப்பேன். முதல் வரியில் சங்கம் வராது. "2015, 2021, 2023 என மூன்று வெள்ளத்தையும் பார்த்தவர் இவர். இந்த மழைக்கு முன் என்ன நடக்க வேண்டும் என்று அடையாற்றங்கரையில் நின்றே பேசத் தயார்." தொடக்கம் இவ்வளவுதான். பிறகு அவர் எந்த நேரத்தில் கிடைப்பார், கேமராவை எங்கே வைத்தால் ஆறு தெரியும், வேன் தெருவுக்குள் நுழையுமா என்ற விவரங்கள். கடைசியில் நாலு கேள்விகள். நிலையத்தார் அதையேதான் கேட்பார்கள் என்றில்லை. ஆனால், மூன்று பேட்டிக்கு நடுவில் மூச்சு வாங்கும் தொகுப்பாளருக்கு அது பெரிய உதவி.

எண்களையும் காதுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. மழை. பேப்பரில் அந்த எண் போதும். வானொலியில் அது காற்றோடு போய்விடும். "ஒரே நாளில் ஒன்றரை அடிக்கு மேல் மழை" என்று எழுதித் தருவேன். கேட்பவர் தன் முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொள்வார்.

யார் பேசுவது என்பதில்தான் சண்டை வரும். தலைவர் நல்ல மனிதர், சொந்தக் காசைப் போட்டு அலைபவர். மைக் நீட்டியதும் "போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை எடுக்க வலியுறுத்துகிறோம்" என்பார். எடிட்டர் அதைத் தூக்கிவிடுவார். பக்கத்து வீட்டு அம்மா, "மழைன்னு நியூஸ்ல சொன்னாலே ஃபிரிட்ஜைக் கட்டில் மேல ஏத்திடுவோம்" என்றால் அந்தப் பைட் நாள் முழுக்க ஓடும். தலைவர் பெயரைக் குறிப்பின் அடியில் தொடர்புக்கு மட்டும் போடுங்கள் என்பேன். முகம் சுருங்கும். பரவாயில்லை.

தனியார் எஃப்எம் வேறு கதை. அவர்கள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மறுஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். ஆகவே போராட்ட அறிவிப்பை அங்கே அனுப்பிப் பயனில்லை. ஆனால் 2011 விதிமுறைகளின்படி போக்குவரத்தும் வானிலையும் செய்தியில் சேராது. முடிச்சூர் சாலையில் தண்ணீர் நின்றால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று எழுதி அனுப்பினால், ஆர்ஜே கூப்பிட வழி உண்டு.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். ஒட்டியிருக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும் முடிச்சூர் ஊராட்சியாகவே நின்றது. வெள்ளத்துக்கு எல்லை தெரியாது, சேனல்களுக்குத் தெரியும்! இரண்டு மாவட்டச் செய்தியாளர்களும் "அது அவர் ஏரியா" என்பார்கள். இருவருக்கும் சென்னை டெஸ்க்குக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஆறு நீர்வளத் துறை, உள்தெரு ஊராட்சி என்று எது யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிட வேண்டும். எதிர்த்தரப்பில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் பேட்டியே நடக்காது.

1906-ல் அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டி அருகே ரயில் கவிழ்ந்தபோது, ரயில் நிறுவனத்தின் மக்கள்தொடர்பாளர் ஐவி லீ எழுதியதைத்தான் முதல் பத்திரிகைச் செய்தி என்பார்கள். அவர் காகிதத்தோடு நிற்கவில்லை. நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப்போனார். ஆற்றங்கரைக்கு வாருங்கள் என்று நான் எழுதுவதும் அந்த வழிதான்.

இன்னொன்று, போன். 2015-ல் பல செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன. குறிப்பில் வெளியூர் உறவினர் ஒருவரின் எண்ணையும், அவரைக் கேட்டுக்கொண்டு, சேருங்கள்.

டிசம்பரில் சென்னையைச் சுற்றி எல்லா ஊரிலும் வெள்ளம் இருக்கும்; உங்கள் தெரு சில நொடிக் காட்சியாகப் போய்விடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபரில். பேசுவதற்கு நேரமும், அதிகாரியைப் பதில் சொல்ல வைக்க வாய்ப்பும் இருப்பது செப்டம்பரில்தான். குறிப்பை அப்போதே அனுப்பிவிடுங்கள்.