கவினுக்கு எந்த மைக்ராஸ்கோப்?

நாகர்கோவில்

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. கவினுக்குப் பிறந்தநாள் பரிசாக மைக்ராஸ்கோப் வாங்க நீயும் மாப்பிள்ளையும் நினைத்தது எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் நீ படம் அனுப்பியிருக்கிறாயே, '1200 மடங்கு' என்று பெட்டி மேல் போட்டது, அது வேண்டாம் அம்மா. 20 மடங்கும் 40 மடங்கும் காட்டுகிற ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் வாங்கு.

மடங்கு குறைவாக இருக்கிறதே என்று தயங்காதே. அந்த 1200 மடங்கு பள்ளி ஆய்வகத்தில் நீ பார்த்த வகை. அதில் வெளிச்சம் கீழிருந்து பொருளை ஊடுருவி வர வேண்டும். வெங்காயத் தோலை உரித்து, சாயமேற்றி, ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப் போட்டால்தான் எதுவும் தெரியும். ஒரு எறும்பை அப்படியே வைத்தால் கறுப்பு நிழல்தான். உருவமும் தலைகீழ். மலிவான லென்ஸை வைத்துக்கொண்டு 1200 மடங்கு என்றால், மங்கல்தான் பெரிதாகும். புதிதாக ஒரு விவரமும் தெரியாது. பத்து வயதுப் பையன் சலித்துப்போய் பீரோ மேல் ஏற்றிவிடுவான்.

ஸ்டீரியோவில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி ஒளிப்பாதை. ஒரே பொருளை இரண்டும் சற்றே வேறு கோணத்தில் பார்ப்பதால் மேடும் பள்ளமும் அப்படியே தெரியும். ஹொரேஷியோ கிரீனோ என்ற அமெரிக்க உயிரியலாளர் முன்வைத்த யோசனை இது. 1890களில் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனம் அதைக் கருவியாக்கியது. உள்ளே இருக்கும் பட்டகங்கள் உருவத்தை நிமிர்த்திவிடுகின்றன. வலப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கமே நகரும். லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் கை நுழைய இடம் இருக்கும். பார்த்துக்கொண்டே ஊசியால் கிளறலாம், புரட்டலாம். பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலில் எருக்கம்பூவைக் காட்டு. நடுவில் ஐந்து மூலை கொண்ட ஒரு மேடை இருக்கும். மூலைக்கு ஒன்றாகக் கருஞ்சிவப்பில் சின்னப் பொட்டு. அதில் ஊசி முனையை மாட்டி மெல்லத் தூக்கினால் இரண்டு மஞ்சள் பைகள் தொங்கிக்கொண்டு வெளியே வரும். அந்தப் பூவின் மகரந்தம் முழுக்க இப்படிப்பட்ட பைகளுக்குள்தான் அடைந்திருக்கிறது. பெரிய கருவண்டுகள் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குக் கொண்டுபோவது இதைத்தான். மகரந்தச் சேர்க்கையைப் புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் இது வராது. ஒன்று மட்டும் கவனம்: எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது. பூவை நீயே பறித்து, பால் வடிந்தபின் கொடு. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்.

அப்புறம் அரிசி வண்டு. அதன் நீண்ட மூக்கும் அதன் நுனியில் இருக்கும் வாயும் 20 மடங்கிலேயே துல்லியமாகத் தெரியும். கல் உப்பைப் பொடித்துப் பார்த்தால் சதுரச் சதுரமான கட்டிகள். இந்தக் கடிதத்தோடு ஒரு சிட்டிகை மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலும் மடித்து வைத்திருக்கிறேன். சிவப்பாக மின்னுவது கார்னெட், கறுப்பு இல்மனைட், கண்ணாடி போல இருப்பது குவார்ட்ஸ். பெயர் சொல்லாமல் முதலில் அவனையே நிறம் பிரிக்க விடு.

செம்பருத்தியிலோ பப்பாளியிலோ மாவுப்பூச்சி கிடைத்தால் விட்டுவிடாதே. 2008இல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் சேர்த்து நாசம் செய்தது. அதை அடக்க 2010இல் ப்வெர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மாதிரி உயிர்களை இனம் பிரிக்கிறவர்களின் மேசையிலும் இந்த ஸ்டீரியோதான் இருக்கிறது. கவின் கையில் இருக்கப்போவது விளையாட்டுச் சாமான் இல்லை என்று அவனிடம் சொல்.

வாங்கும்போது கண்ணாடி லென்ஸா என்று கேள், பிளாஸ்டிக் வேண்டாம். மேலிருந்து விழும் எல்இடி வெளிச்சம் கட்டாயம். கீழ் வெளிச்சமும் இருந்தால் இறகு, இலை பார்க்க உதவும். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான மேடைத்தட்டு நல்லது. ஹரியானாவின் அம்பாலாவில் செய்தவை கடைகளில் நிறைய வருகின்றன, தொடக்கத்துக்கு அவை போதும். உங்கள் சென்னை ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அதனால் உறை போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து மூடு.

எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு கண்குழாய்களும் அவன் கண்களுக்கு ஏற்ப நெருங்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கண் இடைவெளி குறைவு. 55 மி.மீ. வரையாவது வரவேண்டும். இரண்டு வட்டமாகத் தெரிகிறது என்றால் அந்தக் கருவி அவனுக்கு ஆகாது. அதனால் திடீர்ப் பரிசாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போ. ஒரே வட்டமாகத் தெரிகிறது என்று அவன் வாயால் சொன்ன பிறகு பணம் கொடு.

அன்புடன்,
சித்தி