வெப்பமானியும் செவியும்

கோப்பி வறுத்தலில் நிறுத்தவேண்டிய கணத்தை அறிதலே தேர்ச்சி எனப்படும். பச்சைக் கொட்டையில் 10 முதல் 12 வீதம் வரை நீர் உண்டு. வெப்பம் ஏறுமிடத்து அந்நீர் ஆவியாகி உள்ளே அழுத்தத்தை விளைவிக்க, ஏறத்தாழ 196 பாகை செல்சியசில் கொட்டை ஓசையுடன் வெடிக்கின்றது. 224 பாகையை அண்மித்ததும் மெல்லிய இரண்டாம் வெடிப்புத் தொடங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்திலேயே சுவை பெரிதும் நிருணயமாகின்றது.

யாழ்ப்பாணத்து அடுப்படிகளில் இக்காலத்தை அளந்தவை பெண்களின் செவியும் மூக்குமேயாம். அவ்வாறு தாச்சியில் வறுத்துப் பழகிய மூதாட்டி ஒருவர், முதுமையில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் அடுக்குமாடி வீடொன்றிற் குடியேறினார். அங்கு தாச்சிப் புகைக்கு இடமிருக்கவில்லை. பேரன் சோளப்பொரி பொரிக்கும் மின்கருவி ஒன்றை வாங்கிப் பல்கனியில் வைத்தான். சூடான காற்றைச் சுழற்றிச் செலுத்தும் அக்கருவி, 80 கிராம் கொட்டையைச் சில நிமிடங்களில் வறுத்துவிடும். ஆயின் விசிறியின் இரைச்சல் வெடிப்போசையை விழுங்கியது. மூதாட்டியின் செவியும் மந்தித்திருந்தது.

“எனக்கு வெடிக்கிறது கேக்குதில்லை, ராசா. இனி நீயே வறு” என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பேரன் வெப்பவிணை ஒன்றைக் கருவியினுள் இறக்கினான். இருவேறு உலோகங்களின் இணைப்பில் வெப்ப வேறுபாட்டால் மின் பிறக்கும் தோற்றப்பாடே அதன் அடிப்படை. சீபெக் என்னும் அறிஞர் 1821இல் அவதானித்தது அது. எனினும், எண்காட்டியில் தோன்றும் எண் எதனுடைய வெப்பநிலை என்னும் வினா எழுந்தது. முனை கொட்டைகளுக்கு மேலே நிற்பின் அது காற்றையே அளக்கும். காற்றோ கொட்டையினும் சூடானது. எனவே முனை கொட்டைகளுள் ஆழ்ந்திருத்தல் வேண்டும். இடும் நிறையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தடித்த முனை வெப்பமாற்றத்தைப் பிந்தியே உணருமாதலால் மெல்லிய முனையே ஏற்றது. மணிக்கூட்டை மட்டும் நம்பவும் இயலாது. மின்னழுத்தம் 5 வீதம் குறைந்தால் வெப்பமூட்டியின் வலு ஏறத்தாழ 10 வீதம் குறையும். பனிக்காலக் காற்றும் வறுவலைத் தாமதப்படுத்தும்.

ஆகவே நூலிற் கண்ட 196ஐ அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. பேரன் காதைத் தாழ்த்தி முதல் வெடிப்பைக் கேட்டு எண்ணைக் குறித்தான்; மூதாட்டி மணத்தால் அதனை உறுதிசெய்தார். ஐந்து முறை வறுத்தபோதும் அவர்தம் கருவியில் வெடிப்பு 203க்கும் 206க்கும் இடையிலேயே நிகழ்ந்தது. அதன்பின் 10 பாகை ஏறியதும் சுளகிற் கொட்டி ஆற்றவேண்டும் என்பது மூதாட்டியின் தீர்ப்பு. பேரன் தொழிலின்பொருட்டு வேறு நகருக்குச் சென்றபின்னரும் அவர் தனியே வறுத்து, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து, அவனுக்கும் ஒரு பொதி அனுப்புகின்றார்.

கருவி வந்தால் கைத்தேர்ச்சி அழியும் என்பது பலரின் அச்சம். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. எண்ணை மட்டும் நோக்குவோர் கொட்டையை நோக்க மறப்பதுண்டு. ஆயின் இங்கு எண்ணுக்குப் பொருள் தந்தவை ஓர் இளைஞனின் செவியும் ஒரு மூதாட்டியின் மூக்குமாகும். அவ்வெண்ணே, செவி தளர்ந்தவரிடம் அவரது தொழிலை மீளக் கையளித்தது. அதனை அயல்வீட்டார் கேட்டுப் பெறுவதாற் பயனில்லை. அவர்கள் தம் கருவியின் முன் இருந்து, முதல் வெடிப்பைத் தாமே கேட்டறிதல் வேண்டும்.