கேட்டுச் சாப்பிடுங்கள்!

சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "இதில் என்ன சேர்த்தீர்கள்?" என்று துருவுவது நன்றாகவா இருக்கும் என்பீர்கள். என் பேரன் விஷயத்தில் அது உயிர்ப் பிரச்னை! அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சுத் திணறும். அவசர ஊசி மருந்து எப்போதும் என் மகளின் கைப்பையிலேயே இருக்கும்.

அமெரிக்காவில், புளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போயிருந்தோம். 1971-ல் திறந்த பிரம்மாண்டமான கேளிக்கைப் பூங்கா அது. போஜனசாலையில் உட்கார்ந்ததுமே மகள் அலர்ஜியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். சமையற்காரரே மேஜைக்கு வந்தார். கடலை சேருகிறதா? உருளைக்கிழங்கு பொரிக்கும் எண்ணெயில் வேறென்ன பொரிகிறது? கரண்டி தனியா? மூன்றே கேள்விகள்தான். கடலை கலந்த பண்டம் பொரிந்த எண்ணெயானால், வெறும் உருளைக்கிழங்கும் வினையாகிவிடும். கொதிக்கிற சூட்டிலும் அந்தக் குணம் போகாது, பாருங்கள்!

அந்நாட்டில் பொட்டல உணவின் மேல் இப்படிப்பட்ட 9 பொருள்களைக் குறிப்பிடச் சட்டமே உண்டு. 2023-ல் ஒன்பதாவதாகச் சேர்ந்தது நம் எள்! ஆனால் தட்டில் வரும் பண்டத்தில் சீட்டு ஏது? வாயைத் திறந்து கேட்டால்தான் உண்டு.

சகோதரிகளே, "கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது" என்று பிறர் குழந்தைக்கு ஊட்டிவிடாதீர்கள். முதலில் அதன் தாயைக் கேளுங்கள்.