டைட்டா போட்டால் போதுமா?

கலசப்பாக்கத்தில் அந்த ரீபோர் பட்டறைக்குள் நான் போனபோது, நெல் அறுக்கும் வண்டியின் டர்போ டீசல் இன்ஜின் பிரித்துப் போடப்பட்டிருந்தது. அறுவடை தொடங்குவதற்குள் வண்டி வயலில் இறங்க வேண்டும் என்ற தவிப்பு உரிமையாளருக்கு. "மேஸ்திரி, கொஞ்சம் டைட்டாவே போடுங்க. புகை வரக் கூடாது" என்றார். "டைட்டா போட்டா பிஸ்டன் பிடிச்சிக்கும்ணா. டர்போ வண்டி இது, கேட்லாக்ல போட்டிருக்கிற கேப்பு விட்டே ஆகணும்" என்றார் மேஸ்திரி.

இந்த வழக்கில் நான் மேஸ்திரி பக்கம். பிஸ்டன் அலுமினியக் கலவை; லைனர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 100 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.2 மி.மீ. பெருக்கும். சுற்றிலும் தண்ணீர் ஓடும் லைனர் அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. அதனால்தான் தீ படும் தலைப்பக்கத்தை ஒடுக்கி, ஸ்கர்ட்டை லேசான நீள்வட்டமாகக் கடைகிறார்கள். சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதல் செய்துவரும் வேலை இது. அங்கே மில்லிமீட்டரின் நுண்பங்கில் கணக்கிட்டதை, இங்கே ஒரு பட்டறைக்காரரின் கை காப்பாற்றியாக வேண்டும்.

டர்போ வந்ததும் கணக்கு இன்னும் கடுமையாகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூஷி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை அது: வெளியேறும் புகையின் வேகத்தாலேயே காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது. காற்று கூடினால் டீசல் கூடும், சூடும் கூடும். பல டர்போ இன்ஜின்களில் பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயில் பீய்ச்ச ஒரு சிறு ஜெட் இருப்பது இதற்காகத்தான். மேஸ்திரி ஒவ்வொரு ஜெட்டையும் காற்றடித்துப் பார்த்தார். அது அடைத்திருந்தால் எவ்வளவு கேப் விட்டும் பயனில்லை.

ஹோனிங் முடிந்த கையோடு அவர் அளக்கவில்லை. பிளாக் ஆறட்டும் என்று தள்ளி வைத்தார். 20 டிகிரி சூடு மிச்சமிருந்தாலே 100 மி.மீ. துளையில் 0.02 மி.மீ. பொய் சொல்லும். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் கறை படாத வரை துடைத்த பிறகே போர் கேஜை இறக்கினார். மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். பிஸ்டனை கட்ஜன் பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டில் கேட்லாக் சொன்ன உயரத்தில் அளந்தார். பிறகு ரிங்கைத் துளைக்குள் தள்ளி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை நுழைத்தார். அந்த முனைகள் சூட்டில் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் மேல் விளிம்பே பெயர்ந்துவிடும். பந்தய கார்களில் நைட்ரஸ் அடிப்பவர்கள் இந்த இடைவெளியை டர்போ இன்ஜினுக்கு விடுவதைவிடவும் அதிகமாக விடுகிறார்கள். நொடிகளில் பாயும் சூட்டுக்கு ரிங் விரிய இடம் வேண்டுமே.

என்னைக் கட்டிப்போட்டது ஈயக் கம்பி வைத்துப் பார்த்ததுதான். பிஸ்டன் தலையில் கம்பித் துண்டை வைத்து, கேஸ்கெட்டோடு ஹெட்டை முறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் பிடித்தால், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்துவிடும். குறைந்தால் இடிக்கும், கூடினால் காற்று சுழன்று கலப்பது கெட்டு, புகை தள்ளும்.

டர்போவுக்காக கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டுமென்றால் அதைத் தடித்த கேஸ்கெட்டால் செய்யக் கூடாது. பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்தின் அளவால் செய்ய வேண்டும். டர்போ இல்லாத இன்ஜினின் பிஸ்டன் விலை குறைவு, பார்வைக்கும் அதேபோல இருக்கும். ஆனால் கிண்ணம் வேறு, மேல் ரிங்கைத் தாங்கும் அமைப்பும் வேறாக இருக்கலாம். அதை வாங்கி வரும் உரிமையாளர்களைத் திருப்பி அனுப்புவதாக மேஸ்திரி சொன்னார். அப்படி அனுப்பினால் அன்றைய கூலி போய்விடும். அதற்குத் துணிந்தவரிடம்தான் நான் என் இன்ஜினைக் கொடுப்பேன். ரீபோர் பில்லோடு ஒவ்வொரு சிலிண்டரின் கேப் அளவையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். மேஸ்திரி தம் நோட்டில் அதை ஏற்கெனவே எழுதித்தான் வைத்திருக்கிறார்.