மாட்டு வயிற்றில் ஆணி தேடிய மெஷின்

ஐப்பசி மழைக்கு முன்னால் கொல்லைத் தாழ்வாரத்து ஓட்டைப் பிரித்து மாற்றியாக வேண்டும். 25,000 ரூபாய் ஆகும் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போன மறுநாளே, அதே தொகையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"உங்ககிட்ட ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்காமே சார்?"

இருந்தது. மயிலாடுதுறை சுற்று வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவருக்கு இப்போது 71 வயது. ஊர்க்காரர்களுக்கு அவர் இன்னமும் 'மாட்டு டாக்டர் சார்'தான். 1994-ல் சென்னை ரிச்சி தெருவில், யாரோ பயன்படுத்திக் கொடுத்துவிட்டுப் போன கருவியைச் சம்பளப் பணத்தில் வாங்கினார். ஒரு கைப்பிடி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையம், 9 வோல்ட் பேட்டரி, தோல் உறை. அவ்வளவுதான். உறையை அவர் மனைவி இரண்டு முறை தைத்துக் கொடுத்திருக்கிறார்.

மாட்டு வைத்தியத்துக்கு இது எதற்கு என்று கேட்கலாம். மாடு தீனியை மென்று ருசி பார்த்துத் தின்னாது. அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு சாவகாசமாக அசைபோடும். வைக்கோலுக்குள் ஒரு கட்டுக்கம்பித் துண்டோ ஆணியோ கிடந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடும். கனமான பொருள் என்பதால், தேன்கூடு போல அறைகள் உள்ள இரண்டாம் வயிற்றில் போய்த் தங்கும். அந்த வயிற்றுக்கு முன்னால் மெல்லிய உதரவிதானம். அதைத் தாண்டினால் இதயம். சினை முற்றி வயிறு நெருக்கும்போதும், கன்று போட முக்கும்போதும் அந்தக் கம்பி முன்னால் தள்ளப்பட்டு இதய உறையைக் குத்திவிடுவது உண்டு. நேற்றுவரை பால் கறந்த மாடு தீனி எடுக்காது. முதுகைக் கூனி, முன்னங்கால் முட்டியை அகட்டி நிற்கும். கழுத்துக்குக் கீழே தாடை வீங்கிவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

டெல்டாவில் வீடு கட்டாத தெரு இல்லை. கம்பி வெட்டாத களத்துமேடும் குறைவு. அதனால்தான் இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால், விலாவின் அடிப்பக்கம் அந்த வளையத்தை மெதுவாக நகர்த்திப் பார்ப்பது அவருக்கு வழக்கமானது. உள்ளே உலோகம் இருந்தால் கருவி கத்தும்.

வந்தவருக்கு மாடு பற்றிய கவலை இல்லை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டநாதர் கோயிலில், கும்பாபிஷேக யாகசாலைக்காகப் பள்ளம் தோண்டியபோது 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன அல்லவா? அதிலிருந்து இந்தப் பக்கம் சிலருக்கு மண்ணைப் பார்த்தாலே கை அரிக்கிறது. "பழைய மெஷின்தான் சார் ராசி. விலையை நீங்களே சொல்லுங்க" என்றார்.

பெரியவர் உண்மையைச் சொன்னார். "தம்பி, இது ஒரு சாண் ஆழத்துக்குக் கீழ கிடக்கிற காசைக்கூடக் காட்டாது. அப்படியே கிடைச்சாலும் உங்களுது இல்ல. 1878-லயே சட்டம் போட்டுட்டான். மண்ணுக்குள்ள 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது எது கிடைச்சாலும் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார். யோசிச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை வரேன்."

அவர் போனதும் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்தார். "என்னங்க, அந்த ஆளுக்குக் கொடுக்க வேணாம்னா வேணாம். ஆனா அது அலமாரில சும்மாதானே கிடக்குது? ஓடு ஒழுகுது."

சும்மா கிடக்கிறது என்பதுதான் அவரைக் குத்தியது. திருப்பூரிலிருந்து போனில் பேசிய மகனும் அதையே வேறு விதமாகச் சொன்னான். "அப்பா, இப்ப வர்ற மெஷின்ல தங்கம், இரும்புன்னு தனித்தனியாக் காட்டும். அதை வித்துட்டு, வேணும்னா புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்."

அவர் சிரித்துக்கொண்டார். மண்ணில் காசு தேடுகிறவனுக்கு இரும்பு என்பது குப்பை. அதனால் அவனுக்காகச் செய்கிற கருவிகளில் இரும்பு வந்தால் சத்தமே வராதபடி ஒதுக்கிவைக்க வசதி உண்டு. மாட்டு வயிற்றில் தேடுவதோ அந்தக் குப்பையைத்தான்.

அந்தக் கருவியை அவர் நம்பியதற்குக் காரணம் அது தவறே செய்யாதது என்பதல்ல. அது எங்கே தவறும் என்று அவருக்குத் தெரியும். வாங்கிய இரண்டாம் வருடம், ஒரு விதவைப் பெண்ணின் ஒற்றைக் கறவையைப் பார்த்தார். கருவி கத்தவில்லை. செரிமானக் கோளாறு என்று பொடி கொடுத்துவிட்டு வந்தார். எட்டாம் நாள் மாடு செத்தது. அறுத்துப் பார்த்தபோது விரல் நீளக் கம்பி. பேட்டரி தளர்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த அம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து மாட்டைத் தொடும் முன் தன் வீட்டுச் சாவியில் வைத்துப் பார்க்காமல் அவர் ஆரம்பித்ததே இல்லை. கத்தினாலும் உடனே தீர்ப்புச் சொல்லமாட்டார். நல்ல மாட்டின் வயிற்றிலும் இரண்டு ஆணி சும்மா கிடக்கலாம். முதுகை அழுத்திக் கிள்ளிப் பார்ப்பார். நோயில்லாத மாடு முதுகைத் தாழ்த்தும். வலி உள்ளது விறைத்து முனகும். எல்லாம் சேர்ந்தால்தான் டாக்டருக்குச் சொல்லி அனுப்புவார்.

இந்தக் கருவியின் பரம்பரையிலேயே இப்படி ஒரு கதை உண்டு. 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலில் குண்டைத் தேட, டெலிபோன் கண்ட கிரகாம் பெல் ஓர் உலோகம் காட்டும் கருவியைக் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பியதாகச் சொல்வார்கள். சத்தம் வருவது வேறு, அது எதன் சத்தம் என்று தெரிவது வேறு.

சனிக்கிழமை மாலை மணல்மேடு பக்கமிருந்து ஓர் அழைப்பு. கன்று போட்டுப் பத்து நாள் ஆன பசு, தீனி எடுக்கவில்லை. தோல் உறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

புது பேட்டரி போட்டார். சாவியைக் காட்டினார். ஊசி அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. காதருகே கொண்டுபோனார். லேசாக ஏதோ கேட்டது போலிருந்தது. சரி என்று பசுவின் விலாவில் வளையத்தை நகர்த்தினார். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. ஒன்றுமில்லை. எழுந்திருக்கப் போனவரை, கொட்டகையில் நின்றிருந்த அந்த வீட்டுப் பெண் குழந்தை தடுத்தது.

"தாத்தா, அப்பவே கத்துச்சே! உங்களுக்குக் கேக்கலையா?"

மறுபடி வைத்தார். குழந்தை சொன்ன இடத்தில் ஊசி முழுசாகச் சாய்ந்தது. அவருக்குத்தான் எதுவும் கேட்கவில்லை. வயசானால் கீச்சுச் சத்தம்தான் முதலில் காதைவிட்டுப் போகும்.

முதுகைக் கிள்ளினார். பசு முனகியது. அன்றிரவே வண்டி பிடித்து, தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. வயிற்றைத் திறந்து ஒரு கம்பியும் இரண்டு ஆணியும் எடுத்திருந்தார்கள். பசு எழுந்து நின்றுவிட்டது.

ஆனால் அவர் அதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டார். திரும்பி வந்த பஸ்ஸில் 1995-ல் செத்த மாடுதான் நினைவில் நின்றது. அன்று தளர்ந்தது பேட்டரி. இன்று தளர்ந்தது அவர் காது. அந்தக் குழந்தை மட்டும் பக்கத்தில் இல்லையென்றால்?

ஞாயிற்றுக்கிழமை வந்தவரிடம், "இல்ல தம்பி, கொடுக்கறதுக்கு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை, பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஆய்வாளரிடம் உறையோடு கொண்டுபோய் வைத்தார்.

"எவ்ளோ சார் தரணும்?"

"பணம் வேணாம்மா. வாரத்துல ரெண்டு நாள் வரேன், கத்துக்கங்க. முதல்ல உங்க வீட்டுச் சாவிய எடுங்க."

அந்தப் பெண் சாவியை நீட்டினார். "கேக்குதாம்மா?" என்றார். "நல்லா கேக்குது சார்" என்றார் அந்தப் பெண்.

இந்த வருஷம் தாழ்வாரத்துக்குத் தார்ப்பாய்தான். அதை இழுத்துக் கட்டி முடித்ததும் மனைவி தரையெல்லாம் குனிந்து தேடினார், கட்டுக்கம்பித் துண்டு எதுவும் விழுந்திருக்கிறதா என்று. அடுத்த வீட்டில் மாடு இருக்கிறது.